மறுமொழி: ‘லைட் ரயில்’ – கலைச்சொல் பரிந்துரை

> ‘லைட்’ என்றால் எடை குறைவு. ‘மெல்லெடைத் தொடரி’ என்று வைத்தால் பார்த்தவுடன் விளங்கும்.

வணக்கம். பார்த்தவுடன் விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். லைட் ரயில் என்ற நகர மின்ரயிலின் பெட்டி ஒன்றே ஏறத்தாழ 40 டன் எடை வரும். 1972இல் அமெரிக்க நகர்ப்போக்குவரத்து நிர்வாகம் ‘லைட் ரயில்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டபோது, மெட்ரோவைவிடக் குறைந்த கொள்ளளவையும் எளிய கட்டமைப்பையும்தான் ‘லைட்’ என்றது. ஜெர்மானியர் ‘ஷ்டாட்பான்’, அதாவது நகர ரயில், என்றே அழைக்கிறார்கள்.

எந்தச் சொல்லையும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர லைட் ரயிலின் வடகரை நீட்டிப்பில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 2012 மார்ச்சில் திறந்தது, நீளம் 1.2 மைல்தான். நகர மையத்தின் கேட்வே நிலையத்திலிருந்து அலெகெனி ஆற்றுக்கு அடியில் இரட்டைச் சுரங்கமாகப் போய், பேஸ்பால் அரங்கத்தின் அருகே நார்த் சைடு நிலையத்தைத் தொட்டு, அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தின் பக்கம் மேம்பாலத்தில் அலெகெனி நிலையத்தில் முடிகிறது. செலவு 50 கோடி டாலருக்கும் மேல். இதில் மெல்லியது எதுவுமில்லை. இந்தத் துண்டை மட்டும் பார்த்தால் மெட்ரோ என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் அதே வண்டி ஆற்றைக் கடந்து தெற்கே போய், சிவப்பு வழித்தடத்தில் பீச்வியூ பகுதியின் பிராட்வே அவென்யூவில் கார்களோடு கார்களாக ஓடுகிறது. அதனால்தான் வண்டியில் உயர்நடைமேடைக்குத் தனிக் கதவுகளும், தெருமட்ட நிறுத்தங்களுக்கு முன்பக்கம் படி வைத்த கதவும் உள்ளன. மெட்ரோ வண்டியால் இது முடியாது.

ஆகவே வகைப்பெயருக்கு இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் ‘இலகு ரயில்’ போதும். (சிங்கப்பூரில் அது ஓட்டுநரில்லாமல் மேம்பாலத்தில் ஓடும் வண்டியைக் குறிக்கிறது. இதை விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.) துல்லியம் வேண்டியது தடத்துக்குத்தான். என் பரிந்துரை:

தனித்தடம் – சுரங்கம், மேம்பாலம். குறுக்கே எதுவும் வராது.
ஒதுக்குத்தடம் – பக்கவாட்டில் பிரித்தது. ஆனால் கடவுகளில் சாலை குறுக்கிடும்.
பொதுத்தடம் – மற்ற வாகனங்களோடு ஒரே சாலையில்.

இந்தப் பிரிவு இல்லாமல் ஆட்ட நாள் நெரிசலை விளக்க முடியாது. பேஸ்பால் அரங்கத்தில் ஏறத்தாழ 38,000 இருக்கைகள். பத்தில் ஒருவர் ரயிலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம், 3,800 பேர். இரு பெட்டி வண்டியில் 300 பேர் ஏறினால் 13 வண்டிகள் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் ஒரு மணி நேரம் ஆகும். சுரங்கத்தில் அதைவிட நெருக்கமாகவும் விடலாம். ஆனால் தெற்கே பொதுத்தடத்தில் ஒரு கார் தண்டவாளத்தை மறித்து நின்றால், பின்னால் வரும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அரங்க நிலையத்தில் இருபது நிமிடம் எதுவும் வராது, பிறகு மூன்று சேர்ந்து வரும். கோளாறு ஓரிடம், கூட்டம் வேறிடம். அதற்காகவே கடைசி நிலையத்துக்கு அப்பால் வண்டிகளை முன்கூட்டி நிறுத்திவைக்கத் தண்டவாளம் தேவைப்படுகிறது. அதற்கு ‘வால்தடம்’ என்றே வைக்கலாம். புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

----

மறுமொழி: ‘லைட் ரயில்’ – கலைச்சொல் பரிந்துரை

> பொதுத்தடம் – மற்ற வாகனங்களோடு ஒரே சாலையில்.

ஐயா, தனித்தடம், ஒதுக்குத்தடம், வால்தடம் மூன்றும் ஏற்புடையவை. ‘பொதுத்தடம்’ மட்டும் இடிக்கிறது. பொதுப் போக்குவரத்து, பொதுவழி என்று பழகியவர்களுக்கு அது ‘எல்லாரும் பயன்படுத்தும் ரயில் தடம்’ என்று படும். அப்படிப் பார்த்தால் சுரங்கமும் பொதுத்தடம்தான். ‘கலப்புத்தடம்’ என்றால் வாகனங்கள் கலந்து ஓடுவது சொல்லிலேயே தெரியும். ‘கலப்புத்தடத்தில் வேகம் குறையும்’ என்று வேற்றுமை உருபு ஏற்றிப் பார்த்தேன், தடங்கல் இல்லை.

கலைச்சொல் பதிவை இப்படி எழுதலாமா?

இலகு ரயில்: தனித்தடம், ஒதுக்குத்தடம், கலப்புத்தடம் மூன்றிலும் ஓடத்தக்க, மின்சாரத்தில் இயங்கும் நகர ரயில். எடையைக் குறிப்பதன்று.