பிடித்த ஆல்பத்துக்கு டீலக்ஸ் பதிப்பு வராதா என்று காத்திருந்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். கேம் தியரி என்று ஒரு கலிபோர்னியா ராக் குழு. அவர்களுடைய 'லோலிட்டா நேஷன்' 1987இல் இரட்டை எல்பியாக வந்தது. நான் கேட்டது ரொம்பப் பிந்தி, நண்பன் நகலெடுத்துத் தந்த சிடியில். வெளியிட்ட எனிக்மா நிறுவனமே மூடப்பட்டுவிட்டதால் புதுப் பிரதி கிடையாது. பழைய சிடிக்கு இணையத்தில் கேட்ட விலையைப் பார்த்ததும் ஆசையே போய்விட்டது. 2016இல்தான் ஆம்னிவோர் என்ற நிறுவனம் அதைக் கூடுதல் டிஸ்க்கோடு மறுபடி கொண்டுவந்தது. பாடல்களை எழுதிய ஸ்காட் மில்லர் 2013லேயே காலமாகிவிட்டார்.

இன்னொரு ஆல்பத்துக்காக அதன் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கு மெயில் போட்டேன் (பெயர் வேண்டாமே). பழைய கம்பெனியை வாங்கினோம், ஒப்பந்தக் காகிதம் எங்களிடம் வரவில்லை, யாருக்கு ராயல்டி தருவது என்றே தெரியவில்லை என்றார்கள். சரி, விட்டுவிட்டேன்.

*

அண்ணா, காகிதம் இருந்தாலும் பாட்டைப் பதிந்த டேப் ஓட வேண்டுமே! டொராண்டோவில் பழைய டேப்பை டிஜிட்டலாக்கும் கடையில் ரெண்டு வருஷம் இருந்தேன். எழுபது, எண்பதுகளில் செய்த டேப் பலவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். மெஷினில் போட்டால் கிறீச்சென்று கத்தும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாய்ப் பிசின் அப்பிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் சூடுதான். பழம் உலர்த்தும் பெட்டியில் ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம், அகலமான டேப் என்றால் இன்னும் அதிகம். வடகம் காயவைப்பதுபோலத் திருப்பித் திருப்பி வைப்பேன். அப்புறம் சில வாரங்களுக்குள் நகலெடுத்தாக வேண்டும், விட்டால் திரும்பவும் பிசுபிசுக்கும். இந்தக் கூலியெல்லாம் சில நூறு பிரதி விற்கும் ஆல்பத்தில் எங்கே தேறும்?

*

தம்பி சொல்வது டேப் இருந்தால். நான் ஒலிப்பதிவுக்கூடத்தில் உதவியாளாக இருந்தவன். இரண்டு அங்குல அகல டேப் ஒரு ரீல் 2,500 அடி. நொடிக்கு 30 அங்குல வேகத்தில் 16 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கையில் காசில்லாத குழு புது ரீல் வாங்குமா? தடங்களையெல்லாம் சேர்த்து மிக்ஸ் முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த பாட்டைப் பதிவார்கள். வாடகை ரீல் என்றால் அடுத்த குழுவுக்குப் போய்விடும். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் (2017) இரண்டு டிஸ்க் நிறைய முயற்சிப் பதிவுகள் கொடுக்க முடிந்தது, 1966-67இன் நான்கு தட டேப்புகளை எடுத்து வைத்திருந்ததால். சின்னக் குழுவின் டீலக்ஸில் எதைப் போடுவது? பழைய ரீல் பெட்டிகளில் பார்த்திருக்கிறேன், ஒரு குழுவின் பெயரை மார்க்கரால் அடித்துவிட்டு மேலே இன்னொரு பெயர் எழுதியிருக்கும்.

*

அடித்த பெயர் யாருடையது அண்ணாச்சி?

*

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் ஐயா. 'தி' மட்டும்தான் தெரிந்தது.