வீட்டில் ரேடான் அளந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோபாயோ பாட்டி:
பேரன் பிறந்தபோது பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருந்தேன். ரேடான் என்பது மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு, நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். பேஸ்மெண்டில் தொட்டில், பக்கத்து அலமாரியில் உள்ளங்கை அளவு கருவி, அதில் 11 என்று எண். மாப்பிள்ளையைக் கேட்டால் "குளிர்காலத்துல அப்படித்தான் காட்டும் அத்தை" என்கிறார். ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரி (கதிரியக்க அலகு, கருவி காட்டியதும் இதே அலகில்தான்) வந்தாலே சரிசெய்யுங்கள் என்று அந்த நாட்டு அரசே சொல்கிறது! அந்த எண்ணுக்குக் கீழே பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கே தொட்டிலை மாடிக்கு ஏற்ற வைத்தேன். அப்புறம் ஆள் வந்து தரையில் துளைபோட்டு, குழாயும் விசிறியும் வைத்து, அடியில் இருந்த காற்றை இழுத்துக் கூரைக்கு மேலே விட்டார்கள். எண் 2க்குக் கீழே இறங்கியது. இங்கே சிங்கப்பூரில் யாராவது அளந்தீர்களா?

பொங்கோல்வாசி:
அம்மா, அது மண்ணிலிருந்து வரும் வாயு, நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கு எங்கே ஏறப்போகிறது? ஜன்னல் வேறு திறந்தே கிடக்கிறது. என் மச்சான் இதைப் படித்துவிட்டு, அடுப்படி கிரானைட் மேடையைப் பெயர்த்துப்போடு என்று எங்கள் வீட்டில் வந்து நின்றார், மனைவி அழுதேவிட்டாள். கிரானைட் மேடையிலிருந்து வருவது பெரும்பாலும் மிகக் குறைவு. தயவுசெய்து யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

புக்கிட் பாத்தோக் செல்வி:
கிரானைட் மேடை சரி, மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கான்கிரீட்டிலும் ரேடியம் கொஞ்சம் இருக்கிறது, அதிலிருந்தும் ரேடான் வரும். உறவினர் வீட்டில் பணிப்பெண்ணுக்குப் பாம் ஷெல்டரில்தான் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) படுக்கை. சுற்றிலும் கனமான கான்கிரீட், இரும்புக் கதவு, காற்றுத் துளைக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள். கருவியை உள்ளே வைத்தேன். கூடத்தில் கனமீட்டருக்கு 20 பெக்கரலைத் தொடாத எண் (பாட்டி சொன்ன ஒரு பிகோகியூரி என்பது 37 பெக்கரல்), அங்கே விடியும்போது 140. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 100. அந்தப் பெண் என்னைப் பார்த்து "அக்கா, இதனால எனக்கு ஏதாவது வருமா?" என்றாள். என்ன பதில் சொல்வது?

துவாஸ் பட்டறைக்காரன்:
கப்பல்பட்டறையில் பற்றவைப்பை எக்ஸ்ரே எடுக்கும் வேலை எனக்கு, சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பயிற்சியில் ஒரு கதை சொன்னார்கள். 1984இல் அதே பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்பவர் வேலைக்கு உள்ளே நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்ததாம், காரணம் அவர் வீட்டிலிருந்த ரேடான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

செல்வி, ஒரு ராத்திரி எண்ணை வைத்து முடிவுகட்டாதீர்கள், அது கதவுக்கும் மழைக்கும் ஏறி இறங்கும். ஆல்ஃபா தடப் பெட்டி என்று ஒன்று உண்டு, ரேடானின் கதிர்த் துகள்கள் உள்ளே இருக்கும் தகட்டில் தடம் பதிக்கும், மூன்று மாதமாவது வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். படுக்கும் உயரத்தில் வையுங்கள், ஏர்கான் காற்று நேராகப் படும் இடமும் குளியலறையும் வேண்டாம். அதுவரை பெட்டிகளை அகற்றுங்கள், கதவைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், ரேடானும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். பொங்கோல் அண்ணே, ராத்திரி முழுக்க ஏர்கான் போட்டால் உங்கள் ஜன்னலும் மூடித்தானே இருக்கும்?

புக்கிட் பாத்தோக் செல்வி:
பெட்டிகளை நேற்றே எடுத்தாச்சு. அவளுக்குக் கூடத்தில் படுக்கை போடச் சொல்லிச் சண்டைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் தடப் பெட்டியை இங்கேயே வாங்கினீர்களா, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தீர்களா?