பாலியல் கொடுமைக்கு இத்தன வருசம் கழிச்சு கம்ப்ளைன்ட் குடுக்க முடியுமா? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு போய் வந்தவங்க எழுதுங்க

தர்மபுரி, பதிவு தொடங்கினது:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளி வச்சது இது. பேரு, ஊரு, உறவு எதையும் தெளிவா சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. நடந்தத விலாவாரியா எழுத வேணாம், அதுக்கப்புறம் எங்க போனீங்க, யாரு என்ன சொன்னாங்க, எந்த கதவு திறந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க.

எனக்கு நடந்தது 2014ல, வயசு 11. ஆளு சொந்தக்காரர். அம்மாகிட்ட அப்பவே சொன்னேன், வெளிய சொன்னா உன்ன யாரு கட்டுவான்னு அழுதாங்க, அதோட நானும் வாய மூடிட்டேன். 2023ல எனக்கு நிச்சயம் வச்சப்போ பெரியவங்க கால்ல எல்லாம் விழுந்து ஆசீர்வாதம் வாங்குனு சொல்லி வரிசையா நிக்க வச்சாங்க, வரிசையில அந்த ஆளும் நிக்கறாரு. நான் விழல. அப்படியே உள்ள போய் கதவ சாத்திக்கிட்டேன், ராத்திரி எங்க அண்ணன் வந்து என்ன கண்ணு ஆச்சுன்னு கேக்கவும் மொத்தமா சொல்லிட்டேன்.

அண்ணன்தான் ஸ்டேஷனுக்கு கூட்டினு போச்சு. அங்க இருந்தவங்க மரியாதையா தான் பேசினாங்க, ஆனா 9 வருசம் ஆயிடுச்சும்மா, டைம் முடிஞ்சு போச்சு, பழச கிளறாத, கல்யாணம் நடக்கப் போற புள்ளன்னு சொல்லி ஒரு சிஎஸ்ஆர் ரசீது குடுத்து அனுப்பிட்டாங்க. ரசீத பாத்து கேஸ் போட்டாச்சுன்னு நாங்க நெனச்சோம், ரெண்டு மாசம் சும்மா போச்சு. சிஎஸ்ஆர்ங்கறது மனு வாங்கினதுக்கு ரசீது, அவ்வளவுதான், எஃப்ஐஆர் வேற. தயவு செஞ்சு இத ஞாபகம் வச்சுக்கங்க.

அப்புறம் கோர்ட்டுல இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு போனோம். அங்க ஒரு வக்கீல் அக்கா உக்கார வச்சு தண்ணி குடுத்து பேசினாங்க. டைம் முடிஞ்சதுன்னு சொன்னது தப்பும்மான்னாங்க. சட்டத்துல கெடு வர்றது சின்ன தண்டனை குற்றத்துக்கு தானாம். அபராதம் மட்டும்னா 6 மாசம், 1 வருசம் வரைக்கும் ஜெயில்னா 1 வருசம், 3 வருசம் வரைக்கும் ஜெயில்னா 3 வருசம். 3 வருசத்துக்கு மேல தண்டனை இருக்கற எதுக்கும் கெடுவே கெடையாது. போக்சோ, அதாவது குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அதுல பெரிய பிரிவு எல்லாமே அதுக்கு மேல தான். பாதிக்கப்பட்டவங்க வளந்து எந்த வயசுல வேணாலும் புகார் குடுக்கலாம்னு மத்திய அரசே 2018 அக்டோபர்ல சொல்லியிருக்கு. சின்ன பிரிவா இருந்து கெடு தாண்டியிருந்தா கூட, நியாயம் கெடைக்கணும்னா தாமதத்த ஏத்துக்கற அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. அன்னிக்கு தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அவங்க சொன்னபடி எஸ்பிக்கு மனு எழுதி ரிஜிஸ்டர் தபால்ல போட்டோம், ஒப்புதல் அட்டையும் வச்சு. கொஞ்ச நாள்ல மகளிர் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு, எஃப்ஐஆர் போட்டு ஒரு காப்பி காசு இல்லாம குடுத்தாங்க. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வாக்குமூலம் குடுத்த அன்னிக்கு ரூம்ல போலீஸ் யாரும் இல்ல, அந்த மேடம் அவசரமே படுத்தல. இத்தன வருசம் கழிச்சு மெடிக்கல் எதுக்குன்னு பயந்தேன், டாக்டரம்மா உன் சம்மதம் இல்லாம தொட மாட்டேன்மா, வேணாம்னா வேணாம்னு எழுதிக்கறேன்னாங்க.

குறுக்கு விசாரணைல ஏன் 9 வருசம் சொல்லலன்னு திரும்ப திரும்ப கேட்டாங்க. நான் பத்தாவது படிக்கும்போது கூட்டாளி ஒருத்திகிட்ட சொல்லியிருந்தேன், அவ வந்து சாட்சி சொன்னா. அம்மாவுக்கு, தெரிஞ்சும் சொல்லலன்னு நம்மளயே உள்ள வச்சிருவாங்களோன்னு பயம், ஆனா அவங்கள சாட்சியா தான் சேத்தாங்க. கூண்டுல ஏறி, எம் பொண்ணு அப்பவே சொன்னா, நான்தான் அடக்கினேன்னு சொன்னாங்க. தீர்ப்பு இன்னும் வரல. அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு பெருசு.

ஓசூர்:

அக்கா படிச்சு அழுதுட்டேன். என்னோடது கம்பெனி விசயம், நான் கெடுவுல மாட்டினவ, அதனால எழுதறேன். ஷிப்ட் சூப்பர்வைசர் ராத்திரி மெசேஜ், லைன்ல நிக்கும்போது கை, இப்படியே போச்சு. வேலை போயிரும்னு பயந்து 4 மாசத்துக்கு மேல பொறுத்துட்டு அப்புறம் தான் உள்ளக புகார் குழுல குடுத்தேன். 3 மாசம் தாண்டிருச்சு, எடுக்க முடியாதுன்னாங்க. வெளிய விசாரிச்சா வேலை எடத்து பாலியல் தொல்லைக்கான 2013 சட்டத்துலயே இருக்கு, 3 மாசத்த கடைசியா நடந்த தேதில இருந்து எண்ணணும், மொதல் நாள்ல இருந்து இல்ல, அதுக்கு மேலயும் காரணம் எழுதி குழு இன்னொரு 3 மாசம் நீட்டலாம். எனக்கு கடைசி மெசேஜ் வந்தது 7 வாரத்துக்கு முன்னாடி தான், வாட்ஸ்அப்ல தேதியோட இருந்துச்சு, நல்லவேள அழிக்கல. ஸ்கிரீன்ஷாட், சாட்சி பேரு எல்லாம் சேத்து 6 காப்பி குடுத்தேன், விதில 6 காப்பின்னு தான் இருக்கு. விசாரணைய 90 நாள்ல முடிக்கணும். நடுவுல அந்த ஆள வேற யூனிட்டுக்கு மாத்துங்க, இல்ல எனக்கு லீவு குடுங்கன்னு எழுதி கேக்கலாம், நான் கேட்டேன், மாத்தினாங்க.

கூட வேலை பாக்கற ஒரு பொண்ணோட தங்கச்சி பூ செடி குடில்ல வேலை, அங்க 10 பேரு கூட இல்ல, முதலாளி மேலயே புகார். அந்த மாதிரி எடத்துக்கு மாவட்டத்துல உள்ளூர் புகார் குழு இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்வாங்க. வீட்டு வேலை செய்யறவங்களும் அங்க போலாம். குழுல குடுத்தா போலீசுக்கு போகக் கூடாதுன்னு சொன்னா நம்பாதீங்க, ரெண்டும் பண்ணலாம்.

அஞ்செட்டி பக்கம்:

எனக்கு 16ல கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க. எங்க மலைல இது இன்னும் நடக்குது, மறைச்சு என்ன பண்றது. எனக்கு ஜெயிலு கேஸு எதுவும் வேணாம்னு தோணுச்சு, அந்த வீட்ட விட்டு வெளிய வந்தா போதும். அங்கன்வாடி டீச்சர் தான் சொன்னாங்க, குழந்தை திருமணத்த செல்லாதுன்னு அறிவிக்க சொல்லி மாவட்ட கோர்ட்டுல மனு போடலாம், ஆனா மேஜர் ஆகி 2 வருசத்துக்குள்ள போடணும், 20 முடிஞ்சா இந்த வழி போச்சுன்னு. அப்ப எனக்கு 19 வயசு 7 மாசம்! டிசி, பத்தாவது மார்க்ஷீட் ரெண்டும் மாமியார் வீட்டு பீரோல. ஸ்கூல்ல போய் எழுதி குடுத்து நகல் வாங்க ஒரு மாசம் ஆச்சு. மாவட்ட சமூகநல அலுவலர் ஆபீஸ்ல உதவினாங்க, மனு போட்டப்போ கெடுவுக்கு இன்னும் 3 மாசம் இருந்துச்சு. 18க்கு கீழ இருக்கற மனைவிய தொட்டாலும் பலாத்காரம் தான்னு 2017லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சுன்னும் அங்க தான் தெரிஞ்சுது, அந்த புகார இப்ப குடுக்கறதா பின்னால குடுக்கறதாங்கறது உன் முடிவுன்னாங்க. 19ல இருக்கற புள்ளைங்க யாராவது இத படிச்சா இன்னிக்கே கெளம்புங்க.

பர்கூர்:

நான் ரெண்டு புள்ளைக்கு அப்பன். 2024 ஆகஸ்ட்ல எங்க பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல போலி என்சிசி முகாம்ல பொண்ணுங்ககிட்ட தப்பா நடந்த விசயம் வெளிய வந்துச்சே, அதுல பள்ளி நிர்வாகத்துல இருந்தவங்களயும் கைது பண்ணாங்க, தெரிஞ்சும் போலீசுக்கு சொல்லலன்னு. போக்சோவுல மறைக்கறதே குற்றம்னு எனக்கு அப்ப தான் தெரியும். ஊர்ல பேசி முடிச்சுக்கலாம், பணம் வாங்கிக்கலாம்னு யாராவது வந்தா ஏமாறாதீங்க. சமரசம் ஆயிடுச்சுன்னு சொல்லி போக்சோ கேஸ ரத்து பண்ண முடியாதுன்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு.

காரிமங்கலம்:

பெங்களூருல கட்டட வேலைக்கு போன எடத்துல எங்க அக்கா பொண்ணுக்கு நடந்தது. ஊருக்கு வந்துட்டோம். அங்கயே போய் தான் குடுக்கணும்னு சொல்றாங்க, பாஷையும் தெரியாது, மேஸ்திரி ஆளுங்களுக்கும் பயம்.

தர்மபுரி:

போக வேணாம் அண்ணா. எங்க நடந்தாலும் பக்கத்து ஸ்டேஷன்லயே ஜீரோ எஃப்ஐஆர் போடணும், அவங்களே அங்க அனுப்புவாங்க. பலாத்கார புகாருக்கு எஃப்ஐஆர் போட மறுத்தா அந்த அதிகாரிக்கே 6 மாசத்துல இருந்து 2 வருசம் ஜெயில்னு சட்டம் இருக்கு. பொண்ணு 18க்கு கீழன்னா குழந்தைங்க உதவி எண் 1098க்கு போன் போடுங்க, போலீஸ் வீட்டுக்கே வந்து யூனிபார்ம் இல்லாம விசாரிக்கணும், ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது. பெரிய பொண்ணுன்னா பெண்கள் உதவி எண் 181. நடந்து கொஞ்ச நாள் தான் ஆச்சுன்னா முதல்ல ஆஸ்பத்திரி, எஃப்ஐஆர் இல்லாமலே இலவசமா பாக்கணும். அப்ப போட்டிருந்த துணிய துவைக்காம காகித பையில எடுத்துட்டு போங்க.

இழப்பீடும் கேளுங்க. போக்சோ கேஸ்ல நடுவுலயே இடைக்கால இழப்பீடு குடுக்க கோர்ட்டு உத்தரவு போடலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுல நேரா மனு போடறதுக்கு 3 வருசம்னு ஒரு கெடு இருக்கு, தாண்டியிருந்தா காரணம் எழுதுங்க.

அரூர்:

எங்க அம்மா ஊரு வாச்சாத்திக்கு பக்கம். 1992 ஜூன் 20ல சந்தனக்கட்டை தேடறோம்னு வந்தவங்க 18 பெண்கள நாசம் பண்ணாங்க. மொதல்ல கேஸே எடுக்கல. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்களும் விடாம நின்னு, சிபிஐ வந்து, நம்ம தர்மபுரி கோர்ட்டுல 2011 செப்டம்பர் 29ல தீர்ப்பு. 269 பேர் மேல கேஸ், அதுல 54 பேர் அதுக்குள்ள செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு ஜட்ஜ் சொன்னாரு, எல்லாரும் அரசாங்க ஆளுங்க. 2023ல ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணி அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் குடுக்க சொல்லுச்சு. அம்மா சொல்லும், அந்த பொம்பளைங்க அரூர் பஸ்ஸ புடிச்சு வாய்தாவுக்கு போய் போய் காலு தேஞ்சுது, ஆனா ஒருத்தியும் சொன்னத மாத்தி சொல்லலன்னு.

பெயர் வேணாம்:

நான் ஆம்பள. 2003ல நடந்தது, எனக்கு 9 வயசு, டியூஷன் எடுத்தவர். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, இங்க தான் மொத தடவ. கேஸ் வேணுமான்னே தெரியல. சும்மா கேக்கறதுக்கு மட்டும் போலாமா?

தர்மபுரி:

போலாம் அண்ணா. கேக்க போனா எஃப்ஐஆர் ஆயிடாது. போக்சோ வந்தது 2012 நவம்பர் 14ல, அதனால உங்களுக்கு பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டம் தான் பேசும். என்ன நடந்துச்சுங்கறத பொறுத்து 377 மாதிரி பெரிய பிரிவு வந்தா கெடு இல்ல, சின்ன பிரிவுன்னா கெடு தாண்டியிருக்கும், அத வக்கீல் தான் பாத்து சொல்லணும். பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் இலவச வக்கீலுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க, மத்த ஆம்பளைங்களுக்கு பொதுவா வரம்பு இருக்கு, வருமான சான்றிதழ் இருந்தா எடுத்துக்கங்க. எந்த வருசம், எந்த வகுப்பு, டியூஷன் எந்த தெருன்னு ஞாபகம் இருக்கறத மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. வாய் விட்டு சொல்ல வரலன்னா அந்த பேப்பர குடுத்தா போதும், நானும் மொதல்ல அப்படித்தான் குடுத்தேன்.

தனியா போக தயக்கமா இருந்தா சொல்லுங்க. எங்க அண்ணன் கூட வரும், அது எதுவும் கேக்காது, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கும்.