கரண்ட் ஏன் வெக்டார் இல்ல? யாராவது புரிய வைங்க ப்ளீஸ்

தங்கச்சிக்கு பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கும்போது ஒரு இடத்துல நின்னுட்டேன். அளவு மட்டும் இருந்தா ஸ்கேலார், திசையும் சேர்ந்தா வெக்டார்னுதான் இத்தனை நாளா நெனச்சிருந்தேன், ஆனா கரண்டுக்கும் திசை இருக்கே அது ஏன் ஸ்கேலார்னு கேட்டுட்டா. யோசிச்சுப் பாத்தா, 3 நியூட்டன் 4 நியூட்டன் விசை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இழுத்தா மொத்தம் 5 தான் வருது, ஆனா 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் ஒரு ஜங்ஷன்ல வந்து சேர்ந்தா வயர் எந்தக் கோணத்துல இருந்தாலும் வெளிய போறது 7 தான், அதாவது திசை இருந்தா மட்டும் போதாது, வெக்டார் மாதிரி கூடவும் செய்யணும். இதுவரைக்கும் ஓகே. ஆனா கரண்ட் டென்சிட்டி (கரண்டை அது பாயுற பரப்பால வகுத்தா வர்றது) மட்டும் வெக்டார்ங்கறாங்களே, பரப்பால வகுத்ததும் திசை எங்கருந்து வருது? ஃபார்முலா வேண்டாம், மனசுல படமா நிக்கிற மாதிரி விளக்கம் இருந்தா சொல்லுங்க, நாளைக்கு அவளுக்கு டெஸ்ட்.