வேலை போன ஆர்தர் ஸ்மித்தை ஸ்டீலர்ஸ் எடுக்கலாமா?

மூவாற்றூரான் | 2024 ஜனவரி 22

பொங்கலன்று காலையில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, புளியோதரைப் பொட்டலத்தோடு வீடு திரும்பி, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தேன். நம் பிட்ஸ்பர்க் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்க வேண்டிய ஆட்டம். பஃபலோவில் பனி கொட்டித் தீர்த்ததால் திங்கள் நாலரை மணிக்குத் தள்ளிவிட்டார்கள். மைதானத்துப் பனியை அள்ள வருகிறவர்களுக்கு மணிக்கு 20 டாலர் கூலி என்று அந்த ஊர் அணி ஆள் கூப்பிட்டது. அந்தப் பனியில் நம் ஆட்கள் ஆடிய லட்சணத்தைப் பார்த்தீர்கள்தானே? கிண்ணத்துச் சர்க்கரைப் பொங்கலைத் தின்று முடிப்பதற்குள் 21-0. கடைசியில் 31-17.

தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், சோபாவில் கிடந்த ஸ்டீலர்ஸ் மஞ்சள் துண்டை எடுத்துப் பார்த்து, "மாப்ளே, இது எந்தக் கட்சித் துண்டு?" என்றார். தோற்கிற கட்சித் துண்டு மாமா என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஃபென்ஸை, அதாவது பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் பக்கத்தை, பார்த்துக்கொள்ளும் கோச்சான ஓ.சி. இப்போது நமக்கு இல்லை. அந்த வேலையில் இருந்த மேட் கனடாவை நவம்பர் 21-ஆம் தேதி அனுப்பினார்கள். 1969-லிருந்து மூன்றே மூன்று தலைமைக் கோச்சுகளை வைத்து ஓட்டுகிற ஊர் இது. பருவத்தின் நடுவே ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதெல்லாம் இங்கே வழக்கமே கிடையாது. அதையும் செய்ய வைத்துவிட்டார் மனிதர். அவர் போன அடுத்த ஞாயிறே சின்சினாட்டியில் 421 யார்டு எடுத்தோம். அவர் ஓ.சி.யாக இருந்த இரண்டரைப் பருவத்தில் ஒரு தடவைகூட 400-ஐத் தொட்டதில்லை.

இந்தத் தடவை வெளியிலிருந்து ஆள் எடுப்பதாகத் தலைமைக் கோச் டாம்லின் சொல்லிவிட்டார். அட்லாண்டா ஃபால்கன்ஸ் இரண்டு வாரம் முன்பு அனுப்பிய தலைமைக் கோச் ஆர்தர் ஸ்மித்தை எடுக்கலாம் என்று எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் அந்தப் பெயரைக் கேட்டதுமே காபிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறார்கள். அட்லாண்டா, நாஷ்வில் பக்கம் இருக்கிறவர்கள்தான் இவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். எடுக்கலாமா, வேண்டாமா?

பீச்சுக்காரி | 2024 ஜனவரி 22

வேண்டாம் சகோ. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

நான் அட்லாண்டா. மூன்று வருடம் பார்த்தாயிற்று. 2021-ல் ஏழு வெற்றி, பத்துத் தோல்வி, அதாவது 7-10. 2022-ல் 7-10. 2023-ல் 7-10. ஜெராக்ஸ் கடையில் எடுத்த மாதிரி. சரி, ஆள் இல்லாமல் தவித்தாரா என்றால் அதுவும் இல்லை. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்குகிற டிராஃப்ட் மூன்று, மூன்றிலும் ஆஃபென்ஸுக்கே முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தார்கள். நாலாவதாக கைல் பிட்ஸ், எட்டாவதாக டிரேக் லண்டன், மறுபடி எட்டாவதாக பிஜான் ராபின்சன். பிட்ஸ் முதல் வருடம் 1,026 யார்டு பிடித்தார். பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்த டச்டவுன் எத்தனை? ஒன்று. அதுவும் இங்கிலாந்தின் லண்டன் நகரத்துக்குப் போய் ஆடின ஆட்டத்தில்.

பிஜான் கதை இன்னும் மோசம். அக்டோபரில் டாம்பாவில் ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தூக்கி ஓடியது ஒரே ஒரு தடவை. தலைவலியாம், அப்புறம்தான் சொன்னார்கள். நல்ல பட்டுப்புடவையை வாங்கிப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, கல்யாணத்துக்கு நைட்டியோடு போகிற மாதிரிதான் இவர் ஆஃபென்ஸ்.

கடைசி ஆட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். நியூ ஆர்லியன்ஸில், ஜனவரி 7. செயின்ட்ஸ் ஏற்கெனவே ஜெயித்தாயிற்று, ஒரு யார்டு கோட்டில் முட்டி போட்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதுதான் பாக்கி. முட்டி போடுகிற மாதிரியே நின்றுவிட்டு, ஜேமிஸ் வின்ஸ்டன் பந்தை ஜமால் வில்லியம்ஸ் கையில் கொடுத்தார். அந்தப் பருவம் முழுக்க ஒரு டச்டவுன்கூடப் போடாத ஆள், ஆசைக்கு ஒன்று. 48-17. ஸ்மித் நேராக எதிரணிக் கோச்சிடம் போய் முகத்துக்கு நேரே கத்தினார். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் 41 கொடுத்துவிட்டு 42-வதைப் பற்றி என்ன சண்டை? நள்ளிரவு தாண்டியதும் வேலை போய்விட்டது.

பழைய_டைட்டன் | 2024 ஜனவரி 23

பீச்சுக்காரி அக்கா சொன்னது எல்லாம் நடந்ததுதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அந்த டாம்பா ஆட்டத்தில் பந்தை வீசுகிற ஆளான குவார்ட்டர்பேக் டெஸ்மண்ட் ரிடர் மூன்று தடவை பந்தை நழுவவிட்டு எதிரணிக்குத் தானம் செய்தார். மூன்றும் கோல் கோட்டுக்குப் பக்கத்தில். அப்படியும் 16-13 என்று ஜெயித்தார்கள். அடுப்பே எரியாத வீட்டில் சமையல்காரரை மட்டும் திட்டி என்ன செய்வது?

நான் 2019, 2020 இரண்டு பருவமும் நாஷ்வில்லில் இருந்தேன். அப்போது ஸ்மித் அந்த ஊர் அணியான டைட்டன்ஸின் ஓ.சி. நான் பார்த்ததைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

பந்தைக் கால் வழியே பின்னால் கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்குவார் குவார்ட்டர்பேக் ரையன் டானஹில். வாங்கியதும் எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்புவார். இன்றைய தேதியில் பாதிக் கோச்சுகளுக்கு இது பிடிக்காது, முதுகைக் காட்டினால் எதிரே என்ன நடக்கிறது என்று தெரியாது என்பார்கள். டானஹில் இரண்டு எட்டு வைத்து, ஓடி வரும் டெரிக் ஹென்றியின் வயிற்றில் பந்தைத் திணிக்கிற மாதிரி கையை நீட்டுவார். ஹென்றி ஆறே கால் அடி உயரம், 110 கிலோவுக்கு மேல். அப்படி ஒரு ஆள் பந்தோடு வருகிறார் என்றால் எதிரணியில் நடுவில் நின்று தடுக்கும் லைன்பேக்கர்கள் என்ன செய்வார்கள்? முன்னால் பாய்வார்கள். இரண்டே அடி போதும். அதற்குள் டானஹில் பந்தை வெளியே இழுத்துக்கொண்டு, அவர்கள் விட்டுவிட்டு வந்த காலி இடத்தில் பந்து பிடிக்க ஓடும் ஏ.ஜே. பிரவுனுக்கு வீசிவிடுவார். பிளே ஆக்‌ஷன் என்பது இதுதான். எல்லா அணியும் செய்கிறது. ஆனால் ஸ்மித் ஓட்டத்துக்கும் இந்த ஏமாற்றுக்கும் முதல் மூன்று நொடி துளிகூட வித்தியாசம் தெரியாதபடி பிளே எழுதுவார். லைன், அதாவது முன்வரிசை, ஆட்கள் ஐந்து பேரும் ஒரே பக்கம் ஒரே மாதிரி சாய்வார்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த நானே எத்தனையோ தடவை ஹென்றியையே பார்த்துக்கொண்டிருந்து பந்து எங்கே போனது என்று தேடியிருக்கிறேன்.

2019 பருவத்தின் நடுவில் அதுவரை குவார்ட்டர்பேக்காக இருந்த மரியோட்டாவை உட்காரவைத்து டானஹில்லை இறக்கினார்கள். மயாமி வேண்டாம் என்று விட்ட ஆள் அவர். அந்த வருடமே மீண்டு வந்த வீரருக்கான பரிசு வாங்கினார். 2020 ஜனவரியில் ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடியை 20-13 என்று அனுப்பியபோது டானஹில் வீசி எடுத்தது வெறும் 72 யார்டு. ஹென்றி 182. அடுத்த சனிக்கிழமை, ஜனவரி 11, பால்டிமோரில், 14-2 என்று வந்த ரேவன்ஸை 28-12 என்று முடித்தோம். ஹென்றி 195 ஓடியது போதாதென்று, எகிறிக் குதித்து ஒரு டச்டவுன் பாஸ் வேறு வீசினார். கூப்பிட்டது ஸ்மித். மறுவருடம் ஹென்றி 2,027 யார்டு.

தலைமைக் கோச் வேலை வேறு, ஓ.சி. வேலை வேறு. அட்லாண்டாவில் போனது அந்த முதல் நாற்காலி.

தேங்காய்சில்லு | 2024 ஜனவரி 23

யார் வேண்டுமானாலும் வரட்டும். மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், ஏழு யார்டு வேண்டும்போது மூன்று யார்டில் பந்தைக் கொடுக்காத ஆளாக இருந்தால் சரி.

பழங்கணக்கு | 2024 ஜனவரி 24

இது நமக்குப் புதிதா என்ன? 2011 டிசம்பரில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் தலைமைக் கோச் டாட் ஹேலியை வேலையிலிருந்து எடுத்தது. இரண்டு மாதத்தில் பிட்ஸ்பர்க் அவரை ஓ.சி.யாக எடுத்துக்கொண்டது. அவர் அப்பா டிக் ஹேலி எழுபதுகளில் நம் அணிக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், அதனால் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்த மாதிரி. பென் ராத்லிஸ்பர்கருக்கு முதலில் பிடிக்கவில்லை. பழைய ஓ.சி.யோடு ஒட்டுறவாக இருந்தவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அப்புறம் 2014-ல் அதே பென் 4,952 யார்டு வீசினார். ஹேலி ஆறு பருவம் இருந்தார்.

இன்னொரு சங்கதி. வேலை போன கோச்சுக்கு ஒப்பந்தத்தில் மீதி வருடம் இருந்தால், பொதுவாக பழைய அணிதான் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும், புது இடத்தில் வாங்குவதைக் கழித்துக்கொண்டு. அதனால் இப்படிப்பட்ட ஆள் புது அணிக்கு அவ்வளவு செலவு வைக்க மாட்டார். ஓ.சி. ஓசியில் கிடைக்கிறார் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

மூவாற்றூரான் | 2024 ஜனவரி 24

ஓசி ஜோக்கை வீட்டில் சொன்னேன். மாமனார் மட்டும் சிரித்தார்.

பழைய டைட்டன் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன், ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. அந்த லைன் சாய்வது அழகாகத்தான் இருக்கிறது. நம்மிடம் நஜீ ஹாரிஸ் இருக்கிறார், மூன்று வருடமும் ஆயிரம் யார்டு தாண்டியவர். ஜேலன் வாரன் இருக்கிறார். சின்சினாட்டியில் ஒன்பது பந்து பிடித்து 120 யார்டு எடுத்த டைட் எண்ட் ஃப்ரையர்முத் இருக்கிறார். ஆள் பொருந்துகிறது.

என் பயம் வேறு. ஹேலி வந்தபோது பென் இருந்தார். ஸ்மித்துக்கு டானஹில் கிடைத்தார். இங்கே கென்னி பிக்கெட் 25 ஆட்டத்தில் 13 டச்டவுன் பாஸ் போட்டிருக்கிறார். ரிடரை வைத்து அட்லாண்டாவில் தடுக்கி விழுந்தவரை, அதே மாதிரி இன்னொரு இளம் குவார்ட்டர்பேக் கையில் கொண்டுவந்து விடுகிறோம். பீச்சுக்காரி சொல்கிற 7-10 மறுபடி இங்கே அச்சாகாது என்று யார் சொல்வது? கோச்சைப் பற்றிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கேட்க வேண்டியது குவார்ட்டர்பேக்கைப் பற்றியோ என்று தோன்றுகிறது.

ஆனாலும் என் ஓட்டு: எடுக்கலாம். முதல் தடவை தலைமைக் கோச் ஆகி அடி வாங்கியவர், தனக்குத் தெரிந்த வேலைக்குத் திரும்பும்போது ஒழுங்காகச் செய்வார் என்று நினைக்கிறேன். கனடா ஒரு பருவம் குவார்ட்டர்பேக் கோச்சாக உள்ளேயே இருந்து மேலே வந்தவர், இங்கே இல்லாத புது யோசனை அவரிடமும் இல்லை. இவராவது வெளியே போய் உதை வாங்கிவிட்டு வருகிறார்.

பீச்சுக்காரி | 2024 ஜனவரி 24

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் இங்கே வந்து பேசுவோம்.

தேங்காய்சில்லு | 2024 ஜனவரி 31

எடுத்தாயிற்று. ஸ்மித் நம் ஆள். மூவாற்றூரான் வீட்டில் இன்றைக்குப் பாயசமா?

மூவாற்றூரான் | 2025 ஜனவரி 12

ஒரு வருடம் கழித்து இழையைத் தூசி தட்டுகிறேன். பீச்சுக்காரி கேட்பதற்கு முன் நானே வந்துவிட்டேன்.

பிக்கெட் போய் ரசல் வில்சனும் ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் வந்தார்கள். 10-3 வரைக்கும் போனோம். டிசம்பர் நடுவில் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஆபீஸில் காபிக் கோப்பையோடு எழுந்து போனவர்களையெல்லாம் தேடித் தேடிப் போய்ப் பேசினேன். அப்புறம் நாலு தொடர் தோல்வி. 10-7. நேற்று பால்டிமோரில் பிளேஆஃப், பாதி ஆட்டத்தில் 21-0, முடிவில் 28-14.

நேற்று நம்மை உடைத்தது யார் தெரியுமா? டெரிக் ஹென்றி. போன மார்ச்சில் ரேவன்ஸுக்குப் போனாரே, அவரேதான். 186 யார்டு, இரண்டு டச்டவுன். அவர்கள் மொத்தம் 299 யார்டு ஓடினார்கள். ஒரு டிரைவில் ஒரு பாஸ்கூட வீசாமல் 13 பிளேயும் ஓடியே கோட்டைத் தாண்டினார்கள். பக்கவாட்டுக் கோட்டில் ஸ்மித் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் மனதுக்குள் என்ன ஓடியதோ.

மாமனார் ஊரில் இருக்கிறார். அங்கே காலையானதும் ஸ்கோர் கேட்டுப் போன் செய்தார். "அந்தப் பெரிய பையன் போன வருடம் நீ வீடியோ காட்டினாயே, அவன்தானே?" என்றார்.

பீச்சுக்காரி | 2025 ஜனவரி 12

நான் ஒன்றும் சொல்லவில்லை சகோ. 7-10 வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பழைய_டைட்டன் | 2025 ஜனவரி 12

தேதியைப் பார்த்தீர்களா? நேற்று ஜனவரி 11. ஐந்து வருடம் முன்பு ஸ்மித் கூப்பிட்டு ஹென்றி 195 ஓடினாரே, அதுவும் ஜனவரி 11, சனிக்கிழமை, இதே பால்டிமோர் மைதானம். அன்றைய டிக்கெட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.