மறு: பூனைக்குப் ‘பூச்சி மருந்து’ – துண்டறிக்கைக்குச் சொல் வேண்டும்

மதுரையிலிருந்து, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் பூனைகளுக்குச் சோறு வைக்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கம் எல்லாமே ‘பூச்சி மருந்து’தான். குழந்தை வயிற்றில் புழு இருந்தாலும் பூச்சி மருந்து, பருத்திக்கு அடிப்பதும் பூச்சி மருந்து, நாய் மேல் ஊற்றுவதும் அதுவே. போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் வயிற்றுப் புழுவுக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போய் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறார். நாய்க்கு உண்ணி போக ஊற்றுகிற மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். பூனையின் கழுத்தில் ஊற்றியிருக்கிறார். அதில் இருந்தது பெர்மெத்ரின், பூனைக்கு நஞ்சு. இரவு நான் போனபோது காது துடிக்க, கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, நிற்க முடியாமல் கிடந்தது. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது.

அதனால் மூன்று சொல் வேண்டும். ரோமத்துக்குள் ஓடி, பிடிக்கப் போனால் துள்ளுகிற அந்தப் பழுப்புப் பூச்சிக்கு ஒன்று (இங்கே அதையும் உண்ணி என்கிறார்கள், சிலர் பேன் என்கிறார்கள்). குடலில் வாழ்கிறவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்று. கழுத்தில் விடுகிற ‘ஸ்பாட் ஆன்’ மருந்துக்கு ஒன்று. உதவுங்கள்.

கோவையிலிருந்து, திங்கள் மாலை

அன்புச் சகோதரிக்கு,

முதல் சொல் கையிலேயே இருக்கிறது: தெள்ளு. அகராதிகளில் உண்டு, மலையாளத்தில் இன்றும் செள்ளு. தெள்ளுதல் என்றால் முறத்தில் கொழித்தல். அரிசி முறத்தில் எழும்பி விழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூச்சிக்கு ஏன் இந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. திருவாசகத்தில் ‘தெள்ளேணம் கொட்டாமோ’ என்று பெண்கள் ஆடுகிறார்களே, அங்கே உள்ள ‘தெள்’ளும் இந்தத் துள்ளலோடு உறவுடையது என்பது என் நெடுநாள் எண்ணம். துள்ளு, தெள்ளு, தெறி, தெறிப்பு எல்லாவற்றையும் ஒரே வேரில் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவதற்குக் குடற்புழு. தயவுசெய்து ‘குடல்புழு’ என்று அச்சிட வேண்டாம். குடலில் உள்ள புழு, வேற்றுமைப் புணர்ச்சி. வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய்

தெள்ளை அகராதியில் தேடி எடுக்கத் தேவையில்லை ஐயா. எங்கட வீட்டில் இன்றைக்கும் ‘பூனையில தெள்ளு’ என்றுதான் சொல்லுறது. கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாக்கிவிட்டது எனக்கு இப்போதுதான் தெரியும்.

குடற்புழுவுக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாய், பூனை, மனிதர் மூவரிலும் வாழ்கிற ஒரு கொக்கிப்புழுவின் அறிவியல் பெயர் ஆன்சிலோஸ்டோமா சிலானிக்கம். 1911இல் லூஸ் என்பவர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றில் கண்டு விவரித்ததால் சிலோன் பெயர் வந்தது. துண்டறிக்கைக்கு இது வேண்டாம். ஆனால் வெறுங்காலோடு மணலில் பூனைக் கழிவு அள்ள வேண்டாம் என்று கட்டாயம் எழுதுங்கள் அக்கா. கொக்கிப்புழுவின் இளம்புழு தோல் வழியாகவே உள்ளே போகும்.

நாமக்கல்லிலிருந்து, செவ்வாய் இரவு

நான் கால்நடை மருத்துவர். உண்ணிக்கு எட்டுக் கால், கடித்த இடத்தில் அப்படியே ஒட்டிக் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால், துள்ளும். மருந்தும் எப்போதும் ஒன்றல்ல. ஆகவே தனிச் சொல் தேவைதான். ஆனால் என்னிடம் வருகிறவர்களிடம் தெள்ளு என்றால் ‘என்ன சார்?’ என்கிறார்கள். தெள்ளுப்பூச்சி என்றால் கொஞ்சம் பிடிபடும்.

குடற்புழுவில் எனக்கு வேறு சிக்கல். ஜியார்டியாவும் காக்சிடியாவும் ஓரணு உயிரிகள், புழுவே அல்ல. குட்டிக்குப் பேதி நிற்கவில்லை என்று புழு மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். வழக்கமான புழு மருந்துகளில் பெரும்பாலானவை இவற்றை ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல அக ஒட்டுண்ணி என்பதே சரி.

மதுரையிலிருந்து, புதன் காலை

டாக்டர், ‘பூச்சி’ சேர்ந்த உடனே பழைய குழப்பம் திரும்பிவிடும். தெள்ளுப்பூச்சிக்கு என்ன மருந்து? பூச்சி மருந்து! அதைத்தானே ஒழிக்கப் பார்க்கிறோம். அப்புறம், அக ஒட்டுண்ணி என்பதை நேற்று இங்கே நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேர் காதுக்குள் இருக்கிற உண்ணி என்று நினைத்தார்கள்.

கோவையிலிருந்து, புதன் மதியம்

நண்பர்கள் ஒட்டுண்ணியை ஏன் விடாமல் பிடிக்கிறீர்கள்? கொக்கிப்புழு ஒட்டும், சரி. உருளைப்புழு எங்கே ஒட்டுகிறது? குடலில் தன் போக்கில் நீந்துகிறது. சொல்லே பொருளுக்குப் பொருந்தவில்லை. உள்ளுண்ணி என்று ஆக்கலாம். உள்ளே இருந்து உண்பது. பேரன் ‘குடல்வாழி’ என்றான். வாழி என்றால் வாழ்த்தாகிவிடும் என்று நானே மறுத்துவிட்டேன்.

நாக்குப்பூச்சியையும் மறக்க வேண்டாம். நாங்கூழ் என்பது மண்புழு. ‘எறும்பிடை நாங்கூழ்’ என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். அது நாக்குப்பூச்சி என்று மாறி, மண்ணில் இருப்பதற்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஒரே பெயரானது. நாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நாமக்கல்லிலிருந்து, புதன் இரவு

ஐயா, உள்ளுண்ணியிலும் உண்ணி இருக்கிறதே. காதுக்குள் தேடத்தான் போவார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. தெள்ளும் புழுவும் தனித்தனித் தலைப்பில் இருந்தாலும் நடுவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். தெள்ளின் இளம்புழு நாடாப்புழு முட்டையைத் தின்கிறது. அது தெள்ளாக வளர்ந்த பிறகு, பூனை உடம்பை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்குகிறது. பூனையின் பின்புறத்திலும் படுக்கையிலும் வெள்ளையாக அரிசிமணி போல ஒட்டியிருப்பவை அந்த நாடாப்புழுவின் துண்டுகள். புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டால் திரும்பவும் வரும். தெள்ளின் முட்டை பாயிலும் சாக்கிலும் உதிர்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். படுக்கையைச் சுடுநீரில் துவைக்கச் சொல்லுங்கள்.

குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு வருகிறது. குட்டி வாந்தி எடுத்தால் சேமியா இழை போல வந்து விழும். மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து மருந்து.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் காலை

மூன்றாவது சொல்லை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கழுத்துச் சொட்டு மருந்து என்று போடலாமே?

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

சொட்டு மருந்து இங்கே ஆகாது தங்கச்சி. தமிழ்நாட்டில் சொட்டு மருந்து என்றால் போலியோ, வாயில் விடுவது. பூனை வாயிலும் விட்டுவிடுவார்கள். பிடரி மருந்து என்று போடுகிறேன். நக்க எட்டாத இடம் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இன்று மாலை எங்கள் முனையில் பூக்கட்டுகிற அம்மாவிடம் படியைக் கொண்டுபோனேன். நாலு பூனை வளர்க்கிறார். தெள்ளு என்று படித்தேன், புரியவில்லை. சரி என்று பேன்சீப்பை எடுத்து அவருடைய சாம்பல் பூனையின் வால் அடியில் சீவி, சீப்பில் வந்த கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செங்கல் நிறத்தில் கசிந்தது. ‘ரத்தமா?’ என்றார். ஆமாம், இது பூனையின் ரத்தத்தைக் குடித்த தெள்ளின் எச்சம் என்றேன். உடனே பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, ‘இங்க பாரு, தெள்ளு இருக்கு என் பூனைக்கு’ என்றார். அதற்குமேல் நான் என்ன நிரூபிக்க வேண்டும்?

ஆகவே முடிவு: தெள்ளு, பக்கத்தில் படம், அந்த ஈரத்துணிச் சோதனை. குடற்புழு, றகரத்தோடு. ஜியார்டியா வரியில் மட்டும் ‘புழு அல்லாத குடல் கிருமிகள்’. பிடரி மருந்து. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: கடையில் பூச்சி மருந்து என்று கேட்காதீர்கள், பூனைக்கு என்று சொல்லிக் கேளுங்கள், நாய் மருந்தைப் பூனைக்கு ஊற்றாதீர்கள். காலையில் அச்சகத்துக்குப் போகிறது. எல்லாருக்கும் நன்றி.

கோவையிலிருந்து, வெள்ளி அதிகாலை

மகிழ்ச்சி. ஆனால் கிருமி வடசொல். நுண்ணுயிர் என்று மாற்ற நேரமிருக்கிறதா? உள்ளுண்ணியையும் நான் கைவிடவில்லை. உண்ணி என்றால் உண்பது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஊனுண்ணி, தாவர உண்ணி என்று படிக்கிறார்களே. இரண்டாம் பதிப்பு எப்போது?