பேரங்காடி அடுக்கு காலியானால்: நாலு பேர் வீட்டுக்கு எவ்வளவு இருப்பு போதும்?

பொங்கோல் தென்றல் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கே சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை கோவிட்-19 தொற்று எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்ததாக அறிவிப்பு வந்த அன்று மாலையே அரிசி, மீ (நூடுல்ஸ்), கழிவறைத் தாள் அடுக்குகள் காலியாகின. மார்ச் 16 இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் மறுபடியும் அதே கூட்டம். ஆனால் சில நாளில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அப்படியென்றால் எது உண்மையான தட்டுப்பாடு, எது பதற்றத்தில் காலியானது?

இன்னொரு தொற்று வந்தால் நாலு பேர் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் எதை, எவ்வளவு வைத்திருக்கலாம்? நம் சமையல்தான்: பொன்னி, இட்லி அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, வெங்காயம், முட்டை, கோழி. குளிர்பதனப் பெட்டி ஒன்றுதான். மற்ற எல்லாம் பாம் ஷெல்டரில்தான் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் கான்கிரீட் காப்பறை) வைக்க வேண்டும். பிறர் பங்கையும் சேர்த்து அள்ளிவைக்க விருப்பமில்லை. விலை விஷயமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிடங்கு வாசல்

அடுக்கில் இருப்பது வேறு, நாட்டில் இருப்பது வேறு. கடை வாடகை அதிகம் என்பதால் பேரங்காடிகள் அடுக்கில் கொஞ்சமாகத்தான் வைக்கும், மீதி கிடங்கிலிருந்து லாரியில் வந்துகொண்டே இருக்கும். வழக்கமாக ஒரு மூட்டை வாங்குகிறவர் மூன்று வாங்கினால், கிடங்கு நிறைந்திருந்தாலும் அடுக்கு அன்றே காலியாகும். லாரியும் ஓட்டுநரும் அடுக்கும் ஆளும் ஒரே நாளில் மும்மடங்காக முடியாதல்லவா. கழிவறைத் தாள் முதலில் தீர்ந்ததற்கும் இதுதான் காரணம்: கட்டு பெரிது, ஒரு அடுக்கில் கொஞ்சம்தான் கொள்ளும், நாலு பேர் கூடுதலாக எடுத்தாலே வெற்றிடம் கண்ணில் படும். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அடுத்த நாற்பது பேர் வருவார்கள். தண்ணீர் பயன்படுத்தும் நம் வீடுகளுக்கு அது அவசரப் பொருளே இல்லை, அதற்காக வரிசையில் நிற்காதீர்கள்.

பேரங்காடிகள் ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பு போட்டது சரக்கு தீர்ந்ததால் இல்லை. லாரி அடுத்த நடை வரும்வரை எல்லாருக்கும் கொஞ்சமாவது கிடைக்க வேண்டும் என்பதற்காக.

அரிசி பற்றிப் பயம் வேண்டாம். இங்கே அரிசி இருப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல் இரண்டு மடங்கை அரசு குறித்த கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அரிசி அவர்களுடையது, பழையதை விற்றுப் புதியதைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். 2020 மார்ச்சில் அப்போதைய வர்த்தக தொழில் அமைச்சர் சான் சுன் சிங், அரிசி, மீ போன்றவை மூன்று மாதத்துக்கு மேலும், இறைச்சி, காய்கறி போன்றவை இரண்டு மாதத்துக்கு மேலும் கையிருப்பில் இருப்பதாகச் சொன்னார். எல்லையில் ஆள் நடமாட்டம் நின்றாலும் சரக்கு லாரிகள் நிற்கவில்லை.

முட்டைக் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 வாக்கில் இங்கே சாப்பிட்ட முட்டையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் உள்ளூர்ப் பண்ணைகளுடையது. பதற்றத்தில் தேவை ஏறியதும் தாய்லாந்து, போலந்து, உக்ரேன் என்று பல இடங்களிலிருந்து வரவழைத்தார்கள். அது வந்து சேர்ந்த நேரத்தில் மக்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்கள். 2020 ஜூனில் விற்காமல் தேங்கிய 250,000 முட்டைகளை ஒரு விநியோகிப்பாளர் வீச வேண்டியதாயிற்று. மார்ச்சில் ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாக ஏறிய இரண்டு தட்டு முட்டைக்கு இப்படியும் ஒரு பின்விளைவு உண்டு.

தேக்கா கூடை

கிடங்கு வாசல் சொன்னது அரிசிக்கும் மீக்கும் சரி. ஆனால் எல்லாமே பதற்றம்தான் என்று முடித்துவிடக் கூடாது. ஒரே நாட்டை நம்பி வரும் பச்சைப் பொருள்களுக்கு உண்மையான தட்டுப்பாடு வரும். மூலநாட்டில் தடை போட்டால் இங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வெங்காயத்தைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 14 அன்று இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது, 2021 ஜனவரி 1 அன்றுதான் விலக்கியது. நாசிக் வெங்காயம் இல்லாதபோது சீனா, ஹாலந்து வெங்காயம் வாங்கலாம். அதில் நீர் அதிகம், காரம் குறைவு. வழக்கமான நேரத்தில் பொன்னிறம் வராது. அவசரப்பட்டுத் தக்காளியைப் போட்டால் குழம்பு இனிப்பாகவும் தண்ணீராகவும் நிற்கும். அகலமான வாணலியில், மூடாமல், முதலிலேயே உப்புப் போட்டு நீர் வற்றும்வரை வதக்குங்கள். பத்து நிமிடமாவது கூடப் பிடிக்கும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் இல்லையென்றால் இதைப் பெரிய துண்டாக வெட்டிப் போடலாம், குறையில்லை. துவையலுக்கும் பச்சடிக்கும் இது சரிவராது.

கோழி இன்னொன்று. 2021இல் இங்கே வந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து, பெரும்பாலும் உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டது. ஏறத்தாழ பாதி பிரேசிலிலிருந்து உறைய வைத்து வந்தது. தொற்றுக்குப் பிறகு தீவன விலை ஏறி, மலேசியாவிலேயே கோழி பற்றாமல் போக, 2022 ஜூன் 1 முதல் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். சாதாரணக் கறிக்கோழிக்கு அக்டோபர் 11 வரை தடை இருந்தது. அந்த நாலு மாதமும் ஈரச்சந்தையில் அன்று அறுத்த கோழிதான் அரிதானது, உறைந்த கோழி கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆகவே கோழியை வாங்கிக் குவிப்பதைவிட உறைந்த கோழியில் சமைக்கப் பழகுவதே நல்லது.

கறிவேப்பிலை, பச்சைமிளகாய், முருங்கைக்காய் எல்லாம் விமானமோ எல்லை லாரியோ தாமதித்தால் அன்றே விலை ஏறும். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உருவி, காற்றுப் போகாத டப்பாவில் உறைய வையுங்கள். கறுத்தாலும் தாளிப்பில் மணம் இருக்கும்.

அஞ்சறைப்பெட்டி

தென்றல், அளவுக் கணக்கு நான் சொல்கிறேன். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 100 கிராம் அரிசி. நாலு பேர், இரண்டு வேளை: நாளுக்கு 700 கிராம். 10 கிலோ மூட்டை இரண்டு வாரம் வரும். துவரம்பருப்பு நாளுக்கு 120 கிராம் என்று வைத்தால் இரண்டு வாரத்துக்கு 2 கிலோ தாராளம். இட்லி அரிசி 3 கிலோ, உளுந்து 1 கிலோ. எண்ணெய் 1 லிட்டர், பொரிக்கிற வீடென்றால் 2. வெங்காயம் 3 கிலோ. முட்டை 30. கெட்டியான அட்டைப்பெட்டியில் வரும் யுஎச்டி (அதிகச் சூட்டில் பதப்படுத்திய) பால் 6 லிட்டர். புளி, மிளகாய்த்தூள், உப்பு எப்போதும் ஒரு பாக்கெட் கூடுதல். இதுதான் இரண்டு வார இருப்பு. இதற்குமேல் வைத்தால் தின்பதைவிடக் கெடுப்பது அதிகமாகும், நம் ஊர் ஈரக்காற்று அப்படி.

அரிசியில் வண்டு வெளியிலிருந்து வருகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் முட்டை அரிசிமணிக்குள்ளேயே வந்துவிடுகிறது, சூடும் ஈரமும் சேர்ந்ததும் பொரிக்கிறது. மிளகாய் வற்றல், வேப்பிலை போட்டால் அந்த முட்டை சாகாது. வாங்கியதும் 2 கிலோ 2 கிலோவாகப் பிரித்து, உறைபெட்டியில் 4 நாள் வைத்து எடுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள். பையை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த அரிசிமேல் நீர்த்துளி படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பிறகு ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் போடுங்கள். பருப்புக்கும் ரவைக்கும் இதே முறை. கோதுமை மாவு மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம், தவிட்டின் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வந்துவிடும்.

வெங்காயத்தைப் பிளாஸ்டிக் பையிலிருந்து அன்றே வெளியே எடுத்து, ஓட்டையுள்ள கூடையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். உருளைக்கிழங்குக்கு வேறு கூடை. ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும், மூன்று நாளுக்கொரு முறை புரட்டிப் பாருங்கள். முட்டையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைத்தால் நாலு வாரம் நன்றாக இருக்கும், முன்கூட்டிக் கழுவ வேண்டாம்.

டப்பாமேல் வாங்கிய தேதி எழுதுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால். பேரங்காடியில் கூட்டமில்லாத ஒரு மாதத்தில், வாரா வாரம் ஒரு பொருள் கூடுதலாக வாங்கினால் இந்த இருப்பு தானாகச் சேரும். அறிவிப்பு வந்த மாலை கடைக்கே போக வேண்டியதில்லை.

பொங்கோல் தென்றல்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பாம் ஷெல்டருக்குள் அரிசி வைப்பது சரியா? உறைந்த கோழியில் குழம்பு வைத்தால் கறி சக்கையாகி, தண்ணீர் விட்டுவிடுகிறதே, ஏன்?

தேக்கா கூடை

உறையும்போது கறிக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டி ஊசிகளாகித் தசையைக் கிழிக்கிறது. மெதுவாக உறைந்தால் ஊசி பெரிது. கடையில் உருகியதை வாங்கி வீட்டில் திரும்ப உறைய வைத்தால் இரண்டு முறை கிழிகிறது, சக்கையாவது அதனால்தான். உறைந்ததை உறைந்தபடியே கொண்டுவந்து வையுங்கள். புதுக்கோழி வாங்கி வைப்பதானால் ஒரு வேளைக்கு வேண்டிய 500 கிராமைப் பையில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள், சீக்கிரம் உறையும்.

உருக்குவது குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், இரவு முழுவதும், வடிதட்டின்மேல். மேசைமேல் வைத்து உருக்கினால் மேற்புறம் கெடத் தொடங்கும்போதும் உள்ளே கட்டியாகவே இருக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தயிரில் ஊறவைப்பதைவிட மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு மட்டும் தடவி, சூடான வாணலியில் மூடாமல் 5 நிமிடம் பிரட்டி, பிறகு மசாலாவில் சேருங்கள். தண்ணீர் வழக்கத்தில் பாதி ஊற்றினால் போதும்.

அஞ்சறைப்பெட்டி

பாம் ஷெல்டரில் வைக்கலாம். காற்றோட்டம் குறைவு என்பதால் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல், ஒரு சாண் உயரத்துப் பலகைமேல் டப்பாவில் வையுங்கள். திறந்த மூட்டையை உள்ளே விடாதீர்கள். பகலில் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள்.

காசுக் கணக்கு

விலை பற்றி யாரும் பேசவில்லையே. தட்டுப்பாட்டில் முதலில் மறைவது பெரிய மூட்டை, மீதியிருப்பது சின்னப் பாக்கெட். விலைச்சீட்டில் உள்ள மொத்தத் தொகையைப் பார்க்காமல் கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 10 கிலோ 22 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் கிலோ 2.20. 5 கிலோ 12.50 என்றால் கிலோ 2.50. பிஸ்கட், மீ, சோப்பில் விலை அப்படியே இருந்து எடை குறைந்திருக்கும், அதையும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தின் பிரைஸ் காக்கி செயலி 2019இலிருந்து இருக்கிறது. ஒரே பொருள் எந்தக் கடையில் என்ன விலை என்று அதில் பார்க்கலாம், நீங்களும் விலையைப் பதிவு செய்யலாம்.

அநியாய விலைக்கு விற்றால் கேட்க ஆளில்லை என்று நினைக்காதீர்கள். 2020 தொடக்கத்தில் முகக்கவசத்தை ஏற்றி விற்ற கடைகளிடம் வர்த்தக தொழில் அமைச்சு விலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி விளக்கம் கேட்டது. முதல் குற்றத்துக்கு 10,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 20,000 வரை அபராதம். ரசீதை வைத்துக்கொண்டு சங்கத்திடம் புகார் கொடுங்கள். ரசீது இல்லாவிட்டால் புகார் நிற்பது கடினம். அந்தச் சமயத்தில் அரசாங்கம் பிப்ரவரி 1 முதல் வீட்டுக்கு 4 முகக்கவசம் கொடுத்ததும் ஊகவிலையின் வேகத்தைக் குறைத்தது என்பது என் கருத்து.

கிருமிநாசினிக்கு அதிகம் கொடுக்காதீர்கள். கைக்குச் சோப்பும் தண்ணீருமே போதும். வெளியே கொண்டுபோகத் திரவம் வாங்கினால் ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். மேசை, கதவுப் பிடிக்கு 5.25 விழுக்காட்டுப் பிளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் போதும், ஒரு லிட்டருக்குச் சில காசுதான் ஆகும். அன்றன்று கலக்குங்கள், மறுநாள் வீரியம் குறையும். கழிவறை கழுவும் அமிலத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கிடங்கு வாசல்

ஒரு விடுபடல்: மருந்து. 2020 மார்ச் 3 அன்று இந்தியா பாரசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துப் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுவோர் கடைசி அட்டையைப் பிரிக்கும்வரை காத்திராமல், இரண்டு வாரம் மீதியிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். இருப்பை அடுப்படியிலும் குளியலறையிலும் வைக்க வேண்டாம்.

அரிசியில் மட்டும் அஞ்சறைப்பெட்டி அக்காவோடு சின்ன மாறுபாடு. இட்லி அரிசி இங்கே குறைவான கடைகளில்தான் விற்கிறது, கப்பல் ஒன்று தாமதித்தால் தெரியும். இடமிருந்தால் அதை மட்டும் ஒரு மாதத்துக்கு வைக்கலாம்.

அஞ்சறைப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன், 5 கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் புழுங்கல் பொன்னி 4 பங்குக்கு உளுந்து 1 பங்கு, கால் பங்கு கெட்டி அவல் சேர்த்து அரையுங்கள். இட்லி சற்று ஒட்டும், தோசை நன்றாகவே வரும்.

வெங்காயம் மலிவாக இருக்கும் வாரத்தில் 2 கிலோ நறுக்கிப் பொன்னிறமாக வதக்கி, ஆறவிட்டு, ஐஸ் தட்டில் கட்டிகளாக உறைய வையுங்கள். 2 கிலோ வதங்கி 600 கிராம் அளவுக்குச் சுருங்கும், உறைபெட்டியில் ஓர் ஓரம் போதும். நாலு பேர் குழம்புக்கு மூன்று கட்டி.